ஏற்றுக்கொண்ட முறையை விவசாயி ஏன் கைவிடுகிறார்?

(வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வேளாண்மைத் துறையைச் சேர்ந்தவர்கள் இருக்கீங்க. வேளாண் பொறியியல் துறை, கூட்டுறவுச் சங்கம், இ-சேவை மையம் இவற்றிலிருந்தும் வந்திருக்கீங்க. விவசாயியைப் பொறுத்தவரை இவை எல்லாமே "ஆபீஸ்" தான். எந்த ஜன்னலில் எந்த வேலை என்பது நமக்குத்தான் தெரியும். அதனால் இன்றைக்குப் பேசப்போகும் விஷயம் ஒரு துறைக்கு மட்டும் சொந்தமானது இல்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "சிறு விவசாயிகள் மேம்பட்ட நெல் சாகுபடி முறைகளை ஏன் ஏற்பதில்லை?" என்பது. இதை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒன்று, ஏன் ஏற்கவில்லை. இன்னொன்று, ஏற்றவர் ஏன் இரண்டு போகம் செய்துவிட்டு விட்டார். முதல் கேள்வியை எல்லாரும் கேட்கிறோம். இரண்டாவதைக் கேட்பவர்கள் குறைவு. இந்த ஆண்டு எத்தனை ஏக்கர் புதிதாகச் செய்தோம் என்பதற்கு அறிக்கையில் இடம் இருக்கிறது. போன ஆண்டு செய்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் செய்கிறார்கள் என்று எழுதப் பெரும்பாலும் இடமே இருப்பதில்லை. ஆனால் நமக்கு வேண்டிய பதில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலக் கைப்பற்றின் சராசரி அளவு 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நிலம் வைத்திருப்பவர்களில் சுமார் 93 சதவீதம் பேர் சிறு, குறு விவசாயிகள். இவர்களில் பலர் தன் வயலில் விவசாயி, அடுத்தவர் வயலில் கூலி ஆள். இந்த இரண்டாவது வேலையை மறந்துவிட்டுத் திட்டம் போட்டால் திட்டம் தடுமாறும்.

திருந்திய நெல் சாகுபடி எங்கிருந்து வந்தது?

உதாரணத்துக்கு ஒரே ஒரு முறையை எடுத்துக்கொள்வோம். திருந்திய நெல் சாகுபடி, செம்மை நெல் சாகுபடி, ஒற்றை நாற்று நடவு என்று பல பெயரில் சொல்கிறோம். 1980-களில் மடகாஸ்கர் தீவில் ஆன்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், அங்குள்ள ஏழை விவசாயிகளோடு வேலை செய்து உருவாக்கிய முறை இது. பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் அப்ஹாஃப் மூலம் பல நாடுகளுக்குத் தெரியவந்தது. ஒற்றை நாற்று என்ற யோசனை நமக்கும் புதிதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மதராஸ் மாகாண வேளாண் துறை அதைப் பரப்பப் பார்த்திருக்கிறது.

முறை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை. ஒரு சென்ட் பாய் நாற்றங்கால். 14 நாள் இளம் நாற்று. குத்துக்கு ஒரு நாற்று. 22.5 சென்டிமீட்டர் சதுர நடவு. பத்து நாளைக்கு ஒரு தடவை கோனோவீடர். தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடுப்பது.

பலன் கிடைக்கிறதா? கிடைக்கிறது. 2003-04-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 விவசாயிகளின் வயலில் ஒப்பிட்டுப் பார்த்தது. சராசரியாக எக்டேருக்கு வழக்கமான முறையில் சுமார் 5.7 டன், புதிய முறையில் சுமார் 7.2 டன். ஏக்கர் கணக்கில் 600 கிலோவுக்கு மேல் கூடுதல். 60 கிலோ மூட்டையாகப் பார்த்தால் பத்து மூட்டை. பிறகு 2007-ல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்திலும் இந்த முறையைப் பரவலாகக் கொண்டுபோனார்கள்.

விதை மிச்சம், தண்ணீர் மிச்சம், விளைச்சல் கூடுதல். அப்படியானால் ஒருவரும் விடக்கூடாது இல்லையா? ஆனால் விட்டார்கள். இது பிறந்த இடத்திலேயே விட்டார்கள்.

மடகாஸ்கர் சொல்லும் பாடம்

கிறிஸ்டின் மோசர், கிறிஸ்டோபர் பாரெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மடகாஸ்கர் கிராமங்களில் ஆராய்ந்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த முறையைச் செய்து பார்த்தவர்களில் சராசரியாக 40 சதவீதம் பேர் பிறகு கைவிட்டிருந்தார்கள். அங்கே விதை வாங்கவோ உரம் வாங்கவோ கூடுதல் பணம் தேவைப்படவில்லை. உழைப்பு மட்டும்தான் கூடுதல். ஏழைக்கு உழைப்புதானே இருக்கிறது, அப்புறம் என்ன தடை என்றுதான் நமக்குத் தோன்றும்.

தடை காலத்தில் இருந்தது. நடவும் களையும் வருகிற மாதங்கள், வீட்டில் போன அறுவடை நெல் தீர்ந்துபோன மாதங்கள். அன்றன்றைக்குச் சாப்பாட்டுக்கு அவர் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போயாக வேண்டும். தன் வயலில் நாலு நாள் கூடுதலாக நின்றால் நாலு நாள் கூலி போச்சு. கூடுதல் நெல் நாலு மாதம் கழித்துத்தான் வரும். இன்றைய அரிசியை விட்டுவிட்டு நாலு மாதம் கழித்து வரும் மூட்டையை நம்ப, கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும். இருப்பு உள்ளவர் செய்தார், இல்லாதவர் விட்டார்.

நம்ம ஊரிலும் நடவு நேரம்தான் கூலி கிடைக்கிற நேரம். அறுபது சென்ட் வைத்திருக்கும் ஒருவர், "சார், என் வயல்ல நான் நின்னா வீட்ல அடுப்பு எரியாது" என்று சொன்னால் அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிடக் கூடாது. அவர் கணக்கு சரியான கணக்கு.

144 கிலோமீட்டர் நடை

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பேப்பர், பேனா இருந்தால் எடுத்துக்கோங்க.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். வரிசைக்கு வரிசை 22.5 சென்டிமீட்டர், அதாவது 0.225 மீட்டர். 4,047-ஐ 0.225-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 18,000 மீட்டர். ஒரு ஏக்கரில் உள்ள வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் 18 கிலோமீட்டர். கோனோவீடரை ஒரு திசையில் ஓட்டினால் 18 கிலோமீட்டர். சதுர நடவு என்பதால் குறுக்கிலும் ஓட்டச் சொல்கிறோம். அப்போது 36 கிலோமீட்டர். நாலு தடவை ஓட்டச் சொல்கிறோம். ஆக மொத்தம் 144 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து மதுரைக்கு நடக்கிற தூரம். அதுவும் தார் ரோட்டில் இல்லை. களிமண் சேற்றில், முன்னும் பின்னுமாக ஒரு இரும்புக் கருவியைத் தள்ளிக்கொண்டு.

துண்டுப் பிரசுரத்தில் இது "நாலு முறை கோனோவீடர் களையெடுக்கவும்" என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. எழுதுவதற்கு ஒரு வரி, செய்வதற்கு 144 கிலோமீட்டர்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கையால் களை பறிப்பது பெண்கள் வேலையாக இருந்தது. கோனோவீடர் வந்தால் அது பெரும்பாலும் ஆண்கள் வேலையாக மாறுகிறது. பெண்களுக்கு அந்த நாட்களின் கூலி போகிறது. வீட்டு ஆண் வெளியூர் வேலைக்குப் போயிருந்தால் கருவியைத் தள்ள ஆள் இல்லை. கனமான கருவியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுக்கு குனிஞ்சே பறிச்சிடலாம் சார்" என்று பெண்கள் சொன்னால், அந்தக் கருவியை வடிவமைத்தவர் கேட்க வேண்டிய சொல் அது.

நடவு ஆட்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்

விவசாயியை மட்டும் பயிற்சிக்கு அழைக்கிறோம். நடுவது யார்? நடவுப் பெண்கள். டெல்டாவில் பல ஊரில் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசித்தான் நடுகிறார்கள். வேகம்தான் அவர்களுக்குக் காசு. கயிறு பிடித்து, மார்க்கர் உருட்டி, 14 நாள் நாற்றை வேர் மண்ணோடு எடுத்து ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னால் அவர்கள் வேகம் குறைகிறது. அதே தொகைக்கு ஏன் செய்ய வேண்டும்?

உண்மையில் குத்துகளின் எண்ணிக்கை குறைவுதான். இந்த இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 80,000 குத்து வரும். நெருக்கி நட்டால் சதுர மீட்டருக்கு 50 வீதம் இரண்டு லட்சம் குத்து. கை பழகிவிட்டால் வேலை குறையும். ஆனால் அந்தப் பழக்கம் வர இரண்டு போகமாவது ஆகும். அதுவரை ஏற்படும் கூடுதல் செலவை யார் ஏற்பது? பேச்சு அங்கேதான் முறிகிறது.

நட்ட பிறகு இருபது, இருபத்தைந்து நாள் வயல் மொட்டையாகத் தெரியும். போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்னப்பா, நாத்து வாங்கக் காசு இல்லையா?" என்பார்கள். தூர் கட்டிய பிறகு அதே ஆட்கள் வந்து நின்று பார்ப்பார்கள். ஆனால் முதல் மூன்று வாரத்தில் அந்த விவசாயி தனியாக இருக்கிறார். வயல் விழாவை அறுவடைக்கு வைக்கிறோம். நாம் போய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டிய நாள் நட்ட பதினைந்தாம் நாள்.

தண்ணீர் யார் கையில்?

காய்ச்சலும் பாய்ச்சலும் நல்ல முறை. வயல் நீர்க்குழாய் பதித்து, மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை நீர் இறங்கிய பிறகு பாய்ச்சலாம் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. வேண்டும்போது தண்ணீர் கிடைக்க வேண்டும்.

போர்வெல் வைத்திருப்பவருக்கு அது முடியும். கடைமடை விவசாயிக்கு? முறைப்பாசனத்தில் அவர் முறை எப்போது வரும், வந்தாலும் கடைசிவரை வருமா என்பது அவருக்கே தெரியாது. "இன்னிக்கு வடிச்சிட்டேன்னா அடுத்த தண்ணிக்கு நீங்க பொறுப்பா சார்?" என்று கேட்பார். வயலில் நிற்கும் தண்ணீர்தான் அவருடைய காப்பீடு. அதை விடச் சொல்கிறோம் என்றால் வேறு உறுதி தர வேண்டும். வயலுக்கு வயல் பாயும் இடத்தில் இன்னும் சிக்கல். மேல் வயல்காரர் தேக்கி வைத்தால் கீழ் வயல்காரர் காயப்போட முடியாது. தனி ஒருவர் முடிவெடுக்கும் விஷயமே இல்லை அது. கண்மாய்ப் பாசனத்திலும் நீர்க்கட்டியும் ஊரும் சேர்ந்துதான் மடை திறக்கிறார்கள்.

14 நாள் நாற்றும் இதே கதைதான். வாய்க்காலில் தண்ணீர் ஒரு வாரம் தள்ளி வந்தால் 14 நாள் நாற்று 21 நாள் நாற்றாகிவிடும். தாழ்வான வயலில் சம்பா நட்ட மறுநாள் பெருமழை பெய்தால் விரல் உயர நாற்று மூழ்கிவிடும். குத்துக்கு மூன்று நாற்று வைத்தால் இரண்டு போனாலும் ஒன்று நிற்கும். ஒற்றை நாற்று போனால் குத்தே போச்சு. மூன்று நாற்று வைப்பதை அறியாமை என்று நாம் சொல்கிறோம். அவர் அதை முன்னெச்சரிக்கை என்கிறார்.

இன்னொன்று. 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். சிறு விவசாயியை அது காப்பாற்றியிருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் தண்ணீரை மிச்சம் பிடிப்பதால் அவருக்குப் பணம் எதுவும் மிச்சமாவதில்லை. மிச்சம் நிலத்தடி நீருக்கு, ஊருக்கு, அடுத்த தலைமுறைக்கு. பலன் பொதுவுக்கும் உழைப்பு தனி ஒருவருக்கும் என்று இருந்தால், அந்த உழைப்பில் ஒரு பங்கைப் பொதுப்பணம் ஏற்பதுதான் நியாயம். ஊக்கத்தொகை என்பதன் பொருளே இதுதான். தயவு பண்ணிக் கொடுக்கும் காசு இல்லை.

பெயர் இல்லாத விவசாயி

இப்போது நம் ஜன்னலுக்கு வருவோம். மானியத்துக்கு என்ன கேட்கிறோம்? சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு. வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்பவரிடம் ஆதார் இருக்கும், கணக்கு இருக்கும். சிட்டா நில உரிமையாளர் பெயரில் இருக்கும். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. ஆனாலும் வாய்மொழிக் குத்தகை தொடர்கிறது. 144 கிலோமீட்டர் நடப்பவர் ஒருவர், பட்டியலில் பெயர் வருவது இன்னொருவருக்கு. இப்படி இருந்தால் அடுத்த போகம் அவர் ஏன் செய்வார்?

அடுத்த ஆண்டு அந்த வயல் தன்னிடம் இருக்குமா என்பதே அவருக்கு உறுதியில்லை. கை பழக இரண்டு போகம் வேண்டும் என்று சற்று முன் சொன்னேன். அவருக்கு அந்த இரண்டு போகம் உத்தரவாதம் கிடையாது.

பின்னேற்பு மானியமும் இப்படித்தான். முதலில் செலவு செய், பிறகு தருகிறோம் என்றால், முதலில் செலவு செய்ய முடிந்தவருக்குத்தான் அது மானியம்.

சொல்லாமலே பரவியவை

விவசாயி எதையுமே மாற்றமாட்டார் என்று சொல்பவர்களுக்கு நம் மாநிலமே பதில். 1960-களின் நடுவில் தஞ்சாவூரில் ஆடுதுறை 27 ரகம் வந்தது. குறுகிய வயது, குறுவைக்குப் பொருந்தியது, வேகமாகப் பரவியது. அண்மைக் காலத்தில் சிஆர் 1009 சப் 1. பத்துப் பதினைந்து நாள் வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் என்றதும் டெல்டாவில் தேடி வாங்குகிறார்கள். அறுவடை இயந்திரம் வந்தது. அதற்காக யாரும் கூட்டம் போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றிலும் பொதுவாக இருப்பது என்ன? ரகத்தில் மாற்றம் விதைக்குள்ளேயே இருக்கிறது. நடவு ஆட்களோடு புதிய பேரம் வேண்டாம், மேல் வயல்காரர் சம்மதம் வேண்டாம். இயந்திரம் ஆள் தேவையைக் குறைத்தது. திருந்திய சாகுபடியோ ஐந்தாறு பழக்கங்களை ஒரே நேரத்தில் மாற்றச் சொல்கிறது, அதில் பாதி மற்றவர் கையில் இருக்கிறது.

அதனால்தான் விவசாயி அந்தக் கட்டைப் பிரித்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். பாய் நாற்றங்காலும் வரிசையும் இன்று இயந்திர நடவுக்குள் வாழ்கின்றன. விதைப்பண்ணை வைப்பவர்கள் ஒற்றை நாற்றை விரும்புகிறார்கள், விதை கொஞ்சம்தான் இருக்கும் என்பதால். திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய ரகம் 2 கிலோ கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பி வாங்கினார்கள். 2 கிலோ விதையைப் பெருக்க இதைவிடப் பொருத்தமான நடவு முறை ஏது? ஆனால் நம் கணக்கில் இவர்கள் எல்லாம் "முழுமையாகப் பின்பற்றாதவர்கள்".

நாம் என்ன செய்யலாம்?

புதிய அரசாணை எதுவும் வராமலே நாளையே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, விட்டவரைப் போய்ப் பாருங்கள். உங்கள் பிர்க்காவில் இரண்டு ஆண்டுக்கு முன் செய்து இப்போது செய்யாத பத்துப் பேர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். "ஏன் விட்டீங்க?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும். "எந்த வேலை ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, அண்ணே?" என்று கேளுங்கள். பதிலை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

இரண்டு, பயிற்சிக்கு நடவுப் பெண்களை அழையுங்கள். அன்றைய கூலி இழப்பை ஈடுகட்ட வழி இருந்தால் மட்டும் அழையுங்கள். கருவியை அவர்கள் கையில் கொடுத்துத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று, ஐந்தையும் ஒரே போகத்தில் கேட்காதீர்கள். மண், தண்ணீர், ஆள் மூன்றையும் பார்த்து, அந்த வயலுக்கு எது முதலில் பொருந்தும் என்று அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கால் ஏக்கரில் தொடங்கினால் போதும். தோற்றாலும் அவர் சாப்பாடு போகாது.

நான்கு, தண்ணீர் விஷயத்தைத் தனி ஆளிடம் பேசாமல் ஒரு மடைக்குக் கீழ் உள்ள எல்லாரிடமும் சேர்த்துப் பேசுங்கள். முறை எந்த நாள் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அதுவே பாதி விரிவாக்கப் பணி. உழவன் செயலி வைத்திருப்பவருக்குச் செயலியில் சொல்லலாம், இல்லாதவருக்குக் கூட்டுறவுச் சங்கப் பலகையில் எழுதிப் போடலாம்.

ஐந்து, வாடகைக்குக் கருவி கொடுக்கும் மையங்களில் களைக்கருவி எத்தனை ஓடும் நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பத்தாம் நாள் களையெடுக்கச் சொல்லிவிட்டு இருபதாம் நாள் கருவி கொடுத்தால், அந்தப் போகத்தோடு அவர் முடித்துக்கொள்வார்.

இ-சேவை மைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை விவசாயிக்குப் புரிகிற தமிழில் சொல்லுங்கள். குத்தகைதாரர் என்பதால் நின்றுபோன மனுக்களைத் தனியாக எண்ணி, மாதம் ஒருமுறை வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்குக் கொடுங்கள். பட்டியலில் வராதவர்கள் எத்தனை பேர் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிய இப்போதைக்கு அதுதான் வழி.

இடைவேளைக்குப் பிறகு வட்டாரவாரியாகக் குழுக்களாக உட்காரப் போகிறோம். ஒவ்வொரு குழுவும் தன் வட்டாரத்தில் கைவிட்ட பத்து விவசாயிகளை எப்போது பார்க்கப் போகிறது என்று தேதியோடு எழுதித் தாருங்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் சொன்னதை வைத்தே பேச்சைத் தொடங்குவோம்.